கயிறு பிடித்த மச்சினன் எழுதுவது

பாளையங்கோட்டை ஹாஸ்டலில் வசிக்கும் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று காலை உப்புமாவில் உப்பும் இருந்தது, மாவும் இருந்தது. யுத்தம் தொடங்கிய நாள் முதல் இப்படியோர் அதிசயம் நடந்ததில்லை.

சாப்பாட்டு அறை பெஞ்சின் மேல் ஏறி நின்று, தட்டைக் கரண்டியால் அடித்து இந்தச் செய்தியை நான் முழங்கிக்கொண்டிருந்தபோதுதான் வார்டன் சார் உள்ளே வந்தார். வழக்கமாக அவர் கையில் பிரம்பு இருக்கும். அன்று தந்தி இருந்தது. "இறங்கு தம்பி" என்றார். அவர் வாயில் 'தம்பி' என்று வந்ததுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இறங்கினேன்.

என் அக்காள் எஸ்தரின் கணவர், நாசரேத்தில் வாத்தியாராக இருந்த ஞானராஜ் அத்தான், டைபாய்டு காய்ச்சலில் காலமானார். வயது இருபத்தெட்டு. அக்காளுக்குக் கல்யாணமாகி மூன்றே வருஷம்.

அடக்க ஆராதனையில் ஒரு பெரியவர் எழுந்து, "ஆண்டவர் தம் தோட்டத்து மலரைப் பறித்துக்கொண்டார், இதிலும் நமக்கொரு பாடம் இருக்கிறது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான் மலர் இல்லை. முன்னந்தலையில் முடி கொட்டிய, குறட்டை விடுகிற, மீன் குழம்பென்றால் நாலு தரம் சோறு வாங்குகிற மனிதர். அவர் சாவில் பாடம் இல்லை. இருந்தாலும் நான் படிக்க மாட்டேன். நம் ஹாஸ்டல் கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியர், கட்டுரையின் முடிவில் வாசகர்களுக்கு ஒரு படிப்பினை வைக்கச் சொல்லியிருக்கிறார். வைக்க முடியாது. வேண்டுமானால் என் பெயரை அடித்துவிடட்டும்.

அக்காள் மட்டும் என்னிடம் ஒன்று கேட்டாள். அழுது ஓய்ந்த குரலில், "ஏலே, அந்தக் கயித்துக் கதைய எழுது. அவிய உசிரு ஒருதரம் ஒன் கையில இருந்துச்சுலா. அத நெனச்சாத்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கு" என்றாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதுகிறேன்.

போன வருஷம் ஈஸ்டர் லீவுக்கு அத்தான் என்னைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போனார். பஸ் என்றாலே வாந்தி எடுக்கும் அக்காள் வீட்டிலேயே இருந்துகொண்டாள். அத்தான் கையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. வழியில் எதைக் கண்டாலும் அதில் ஒரு கிறிஸ்தவப் பாடம் கண்டுபிடித்து, தலைப்புப் போட்டு எழுதிவைப்பார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காம். ஊர் திரும்புவதற்குள் பாடமே இல்லாத ஒரு பொருளையாவது அவருக்குக் காட்டிவிடுவதாக நான் பந்தயம் கட்டினேன். "காட்டு பாப்போம்" என்று சிரித்தார்.

எங்களை ஏற்றிப் போனது, யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் கட்டிய டிரம்மில் கரி எரித்து ஓட்டிய கரி பஸ். முக்காணி தாண்டியதும் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். கரி பூசிய முகத்தோடு அத்தான் நோட்டை எடுத்தார். "உள்ள தணல் கெடந்தா மட்டும் போதாதுலே, ஊதிக்கிட்டே இருக்கணும். விசுவாசமும் அப்படித்தான்."

"டிக்கெட்டும் எடுத்துட்டு, வண்டியையும் தள்ளுதோமே, அதுக்கென்ன பாடம் அத்தான்?"

"அது சபை. சந்தாவும் நாமதான் கொடுக்கோம், தள்ளுறதும் நாமதான்."

முதல் ஆட்டம் அவருக்கு.

தூத்துக்குடியில் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். அவர் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அத்தனையையும் தின்றுவிட்டு, வெறும் காகிதப் பையை அவர் முன்னால் நீட்டினேன். "இதுக்குப் பாடம் சொல்லுங்க."

பையைத் திறந்து உள்ளே பார்த்தார். "வெறுமையான கல்லறை" என்றார். "உள்ள இருந்தது எங்கன்னு கேக்க வேண்டாம். ஒன் ஒதட்டோரத்துல உயிர்த்தெழுந்து நிக்கி."

இரண்டாவது ஆட்டமும் அவருக்கே.

மறுநாள் உப்பளத்துப் பக்கம் நடந்தோம். எனக்குக் கொட்டாவி வந்தது. உப்பு என்றால் எந்தக் கிறிஸ்தவனுக்கும் 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்' என்ற பாடம் மனப்பாடம். ஆனால் அத்தான் உப்பைப் பார்க்கவில்லை. தலையில் கூடை சுமந்து வரப்பில் வந்த பெண்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெடித்து, வெளுத்து, ஓரங்களில் இரத்தம் கசிந்த பாதங்கள்.

"உப்பு சாரம் போனா என்ன செய்யன்னு வாரா வாரம் பேசுதோம்" என்றார். "உப்பு நல்லாத்தாம்லே இருக்கு. காலுதான் போயிட்டு."

ஊர் திரும்பியதும் ஓய்வுநாள் பள்ளியில் இதையே சொன்னார். வேதபாட நேரத்தில் கூலிக்காரிகளின் கால் எதற்கு என்று சிலர் முகம் சுளித்தார்கள். அடுத்த வாரம் அத்தான் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். மலர் என்கிறார்களே, இந்த மனிதரையா?

மூன்றாம் நாள் கடல். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது குளிப்பதெல்லாம் சங்குக்குத்தான். அத்தானிடம் படிக்கும் பையன் ஒருவனுடைய தகப்பனார் சூசை அண்ணாச்சி, வேடிக்கை பார்க்க எங்களையும் தம் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். அவர் ஆர்.சி. கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டண்டு சபைக்காரர்கள். கடலில் யாரும் அதைக் கேட்கவில்லை.

குளியாட்கள் ஒவ்வொருவராக, கனத்துக்காகக் கட்டித் தொங்கவிட்ட கல்லில் கால் வைத்துத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கயிறு. அதன் மறுமுனை வள்ளத்தில் நிற்கும் ஒருவர் கையில். கீழே இருப்பவர் சுண்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். பிடித்தவர்கள் எல்லோருமே குளித்தவர்களின் மச்சான்மார் என்றார் அண்ணாச்சி.

"கூடப்பொறந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அவன் பிடிச்சா, இவன் போனாப் பங்கு மிஞ்சும்னு ஒரு நிமிசம் நெனச்சாலும் நெனப்பான் தம்பி. மச்சான் விடமாட்டான். விட்டா, தாலியறுத்துட்டு வீட்டுக்கு வந்து நிக்கப்போறது அவன் அக்கா தங்கச்சிலா?"

அத்தான் நோட்டைத் திறந்து 'கயிறு' என்று தலைப்பு எழுதினார். பிறகு மூடி வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றினார். "ஏலே, நீ எனக்கு மச்சினன்தானே? பிடி."

ஆற்றில் நீந்திப் பழகியவர்தான். திரும்பும் வழியில், கரைக்குப் பக்கமாக இரண்டாள் ஆழத்தில் வள்ளத்தை நிறுத்தினார்கள். கயிற்றின் ஒரு முனை அத்தான் இடுப்பில், மறுமுனை என் கையில். அவர் இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததாக நாசரேத் முழுவதும் நான் சொன்ன கதை இது: அத்தான் அடியில் மூச்சுத் திணறிக் கயிற்றைச் சுண்டினார். நான் உள்ளங்கை கிழியக் கிழிய இழுத்து அவரைக் கரையேற்றினேன். ஆதாரமாகத் தழும்பையும் காட்டினேன். அக்காள் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தத் தழும்பு, பஸ் தள்ளும்போது சூடான கரி டிரம்மில் கை வைத்ததால் வந்தது.

அத்தான் தண்ணீருக்குள் போனதும் வள்ளத்தில் இருந்தவர்களைச் சிரிக்க வைக்க எனக்கு ஆசை வந்தது. அத்தானைப் போலவே குரலை மாற்றி, இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தி, "பிரியமானவர்களே, இந்தச் சங்கு நமக்குப் போதிப்பது என்ன?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு கையும் மேலே இருந்தன. இரண்டிலும் கயிறு இல்லை.

சூசை அண்ணாச்சி பார்த்தபோது கயிற்றின் முனை விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் குதிக்கப் போகையில், வள்ளத்தின் மறுபக்கம் அத்தான் தலை தெரிந்தது. மூக்கில் இரத்தம். பிடிக்க ஆளில்லாத கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு இருமினார்.

அண்ணாச்சி என்னை அடிக்கக் கை ஓங்கினார். "மச்சினனாலே நீ? ஒங்க அக்கா முகத்துல எப்படிலே முழிப்ப?"

"அவன ஏசாதிய அண்ணாச்சி" என்றார் அத்தான். "நான்தான் வெடுக்குன்னு இழுத்துப்புட்டேன்."

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது. வீட்டில் நான் அக்காளிடம் என் வீரத்தை அளந்தபோது பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "எஸ்தர், இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த பிறகு அந்த நீல நோட்டை அக்காள் என்னிடம் கொடுத்தாள். பஸ் இருக்கிறது. வெறும் பை இருக்கிறது. உப்பளத்துக் கால்கள் இரண்டு பக்கம் இருக்கின்றன. 'கயிறு' என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அடுத்த பக்கத்தில் மறுநாள் பார்த்த கலங்கரை விளக்கம் வந்துவிடுகிறது.

ஆகவே, அத்தான், பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன். போய் வாருங்கள்.

இந்தப் பத்திரிகையின் பிரதியைச் சனிக்கிழமை அக்காளிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். தபாலில் அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன், மறைப்பானேன். மச்சினன் விடமாட்டான் என்று சூசை அண்ணாச்சி சொன்னாரே, அது மற்ற மச்சினன்களைப் பற்றி. நான் விட்டுவிட்டேன், அக்கா.