இன்னும் பத்து நிமிடம்

மலைப்பாதைக்குப் பலகை எழுதிய பெயின்டருக்கு எழுத்து முத்து முத்தாக வரும். குடும்பத்தோடு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போட்ட பாதை அது. இறங்கும்போது பாதி வழியில் உட்கார்ந்து அழும் பிள்ளைகளுக்காக, மூன்று பலகைகளிலும் 'இன்னும் பத்து நிமிடம்' என்றே எழுதி வைத்தார்.

"பொய்தான். ஆனா அதைப் பார்த்துட்டு எந்திரிச்சு நடக்குதுங்கல்ல?" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

இன்று அவருடைய ஏழு வயது மகளுக்கே உச்சியில் மூச்சிரைப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் கீழே காரில் கிடந்தது. போனில் சிக்னல் இல்லை. சைக்கிள்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மகளை முதுகில் சுமந்துகொண்டு விழுந்தடித்து இறங்கினார்.

முதல் பலகை வந்தது. "பத்து நிமிஷந்தாம்பா," என்றாள் மகள். உண்மையில் நாற்பது நிமிடம் என்பது அவருக்குத் தெரியும். அவளுடைய நெஞ்சு இழுக்கும் சத்தம் அவர் காதிலேயே கேட்டது.

இரண்டாவது பலகையில், "இங்கயும் பத்தா?" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

அவர் நடையை இன்னும் எட்டிப் போட்டார். "பேசாத கண்ணு, மூச்ச மட்டும் விடு."

கடைசிப் பலகை தெரிந்தது. மகளின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. இந்தப் பலகை ஒன்றுதான் நிஜம்.

"கண்ணு, இங்க பாரு! சத்தியமா பத்தே நிமிஷந்தான். கொஞ்சம் தாங்கிக்கோம்மா!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"மத்த ரெண்டும் நீ எழுதினதுதானேப்பா?"