பாறைக்கு எந்த லென்ஸ்

விடுமுறை நாட்களில், கேரள எல்லையோரம் உள்ள அம்பூரிப் பக்கத்து மலைகளையும் அங்கு வரும் பறவைகளையும் படமெடுப்பது சில ஆண்டுகளாக என் பழக்கம். சொந்தமாக என்னிடம் இருப்பவை ஒரு சிறிய கேமராவும் இரண்டு லென்ஸ்களும்தான். ஒன்று மலைக்காட்சிகளுக்கான அகன்ற லென்ஸ். மற்றொன்று கண்ணால் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒத்துப்போகும் முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். தூரத்துப் பறவைகளுக்கு வேண்டிய நீண்ட லென்ஸைப் பாறசாலையில் கல்யாண ஸ்டுடியோ நடத்தும் நண்பனிடம் இரவல் வாங்குவேன். முகூர்த்தமும் சர்ச் கல்யாணமும் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அது என் கைக்கு வரும்.

சென்ற ஆண்டு ஒருமுறை அதைப் பறவைக்காக அல்லாமல் ஒரு பாறைக்காகக் கேட்க நேர்ந்தது. எங்கள் ஊரின் கிழக்கு எல்லையில் பெரிய கரும்பாறை ஒன்று உண்டு. அங்கே குவாரி தொடங்க ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். பாறைக்கு மிக அருகில் இருப்பது, அங்கன்வாடியில் வேலை பார்க்கும் ஓர் அக்காவின் வீடு. வெடி வைக்கத் தொடங்கினால் தன் கிணறும் சுவரும் தாங்குமா என்பது அவருடைய கவலை. ஊர்க்காரர்களின் ஆட்சேபங்களைக் கேட்கப் பஞ்சாயத்து ஒரு கூட்டம் வைத்தது. அங்கே காட்டுவதற்கு ஒரு படம் எடுத்துத் தரும்படி அக்கா என்னிடம் கேட்டார்.

கேட்டதோடு நிற்காமல் தன் மகளின் கல்யாண ஆல்பத்தையும் விரித்து வைத்தார். வயல் வரப்பில் மணமக்கள் நிற்க, அவர்களுக்குப் பின்னால் அதே பாறை வானத்தை மறைத்துக்கொண்டு எழுந்திருந்தது.

“இந்த மாதிரி எடு மக்கா. பாறை வீட்டுக்க தலைமேல வந்து நிக்கணும்.”

எங்கள் பகுதியில் கல்யாணம் முடிந்த வீடுகளில் பெரும்பாலும் இந்தப் படம் உண்டு. என் நண்பனின் கைவரிசை அது. மணமக்களிடமிருந்து வெகுதூரம் விலகி, வயலின் மறுகரையில் நின்று, நீண்ட லென்ஸால் எடுப்பான். அப்படி எடுத்தால் பின்னால் இருப்பது முன்னால் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றும். இதை நான் விளக்கிச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“பாறை அங்க உண்டு. பொண்ணும் மாப்பிளையும் இங்க உண்டு. ரெண்டும் உள்ளதுதானே? இதுல பொய் எங்க இருக்கு?”

நண்பனிடம் போய் லென்ஸை வாங்கி வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்தான்.

“எலே, பாறைக்கு எங்கிட்ட பழக்கம் உண்டு. எப்படி நிக்கணும்ணு அதுக்குத் தெரியும். வீட்டை மட்டும் கொஞ்சம் சிரிக்கச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாயும் நேரத்தில் வயலின் மறுகரையில் முக்காலியை நிறுத்தினேன். வீடும் பாறையும் ஒட்டிக்கொண்டு திரையில் தெரிந்தன. ஓட்டின் மேல் பாறை சரிந்து விழப்போவதுபோல் இருந்தது. பார்ப்பவரைப் பதறவைக்கும் படம்தான். இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது என்று முதலில் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு சிறிய ரப்பர் தோட்டமே இருக்கிறது. அது படத்தில் ஒரு பச்சைக் கோடாகச் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் பாறையின் ஓர் இடுக்கில் ஏதோ அசைந்தது. லென்ஸை அங்கே திருப்பினேன். காதுகள் போன்ற இறகுக் கொம்புகளுடன் ஒரு கொம்பன் ஆந்தை. அதன் அருகே இரண்டு குஞ்சுகள். நான் எடுத்த படங்களில் சிறந்தவற்றுள் ஒன்று அது. கூட்டத்தில் அதைக் காட்டினால் சபை அசந்துபோகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று மாலைக்குள் அது எல்லாருடைய போனிலும் போய்ச் சேர்ந்திருக்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் வருவார்கள். மந்திரவாதத்துக்காக ஆந்தை பிடிக்கிறவர்களும் வருவார்கள். இடம் தெரியாதபடி முகத்தை மட்டும் வெட்டிக் காட்டினால் அது எந்த மலையின் ஆந்தை என்று யாருக்குத் தெரியும்? படத்தை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வீடும் பாறையும் ஒட்டி நின்ற படத்தை நண்பனுக்குக் காட்டினேன்.

“கொள்ளாம். நம்ம மெம்பருக்க மோளுக்க கல்யாணத்துக்கும் இதே பாறையைத்தான் வெச்சுக் குடுத்தேன். அவருக்க ஹால்ல பெருசா தொங்குது, கேட்டியா.”

ஆட்சேபங்களைக் கேட்கப் போவது அந்தப் பஞ்சாயத்து மெம்பர்தான். தினமும் தன் வீட்டுச் சுவரில் பார்க்கும் வித்தையை இந்தப் படத்தில் அவர் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்வார். அதன்பின் அக்கா தன் கிணற்றைப் பற்றிச் சொல்லும் உண்மையையும் அவர் வித்தைக் கணக்கிலேயே சேர்த்துவிடக்கூடும்.

அடுத்த நாள் என் முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிக்கொண்டு அக்காவின் அடுக்களை வாசலில் நின்று எடுத்தேன். துணி காயும் கொடி, கிணற்றுச் சுவர், ரப்பர் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் பாறை. பிரிண்டைப் பார்த்த அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

“தெனமும் பாக்கியதுதானே இது. இதுக்கு கேமரா எதுக்கு மக்கா?”

“பாக்கிய மாதிரியே இருக்கணும் அக்கா. அதுதான் வேணும்.”

அவர் சமாதானம் ஆகவில்லை. கூட்டத்துக்கு வந்தபோது அவருடைய பையின் வாயில் ஆல்பத்தின் சிவப்பு அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

குவாரிக்காரரின் தரப்பு முதலில் தங்கள் படத்தைக் காட்டியது. முற்றத்துக்குள்ளேயே நின்று அகன்ற லென்ஸால் எடுத்திருந்தார்கள். வீடு பெரிதாகவும் முற்றம் விளையாட்டு மைதானம்போலவும் இருக்க, பாறை கட்டைவிரல் அளவில் எங்கோ தொலைவில் நின்றது. அதிலும் எதையும் சேர்க்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. பிறகு எங்கள் படத்தைக் கொடுத்தேன். மெம்பர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே பாறயோ?” என்று மலையாளத்தில் கேட்டார். “இனி ஆரெங்கிலும் கல்யாண ஆல்பம் கொண்டுவந்நால் மூணாமதொரு பாறயும் காணாம்.”

மூன்றாவதாக ஒரு பாறையையும் பார்த்துவிடலாம் என்று அவர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா ஆல்பத்தைப் பைக்குள் ஆழமாக அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து, எங்கள் படம் அடுக்களை வாசலில் நின்று எடுத்தது என்றேன். யார் வேண்டுமானாலும் அதே இடத்தில் நின்று, படத்தைக் கை நீட்டிப் பிடித்து, உள்ளதோடு ஒத்துப் பார்க்கலாம் என்றேன். மெம்பர் நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று செருப்பை மாட்டினார்.

“எங்கில் போய் நோக்காம்.”

அடுக்களை வாசலில் நின்று படத்தை முகத்துக்கு நேரே பிடித்தார். கொஞ்சம் முன்னே தள்ளினார், கொஞ்சம் பின்னே இழுத்தார். படத்தில் முடிந்த கொடி அதன் ஓரத்துக்கு வெளியே நிஜமாகத் தொடர்ந்தது. பாறையின் முதுகும் அப்படியே தொடர்ந்தது.

“இந்த வாழை படத்தில் இல்லல்லோ, சேச்சி?”

“அது பெறவு வெச்சதாக்கும்.”

படத்தைத் தாழ்த்திய பின்னும் அவர் பாறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெடி வைத்தால் கல் இதுவரை வருமா என்று கூட வந்திருந்த குவாரிக்காரரிடம் கேட்டார். வராது என்றார் அவர்.

“வராதுண்ணு அவரு சொல்லுகாரு,” என்றார் அக்கா. “நீங்க நிக்கிய இடத்தில இருந்துதான் நான் தெனமும் தேங்கா திருவுவேன்.”

மெம்பர் தன் காலடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இந்தப் படியிலிருந்து பாறை வரை முறையாக அளந்து கொண்டுவராமல் மனுவை எடுப்பதில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனார். அனுமதி மறுக்கப்படவில்லை. ஆனால் அளவு வரும்வரை வெடியும் இல்லை.

அவர்கள் போனபின் அக்காவுக்கு மட்டும் ஆந்தைப் படத்தைக் காட்டினேன். கேமராத் திரையைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“இதாக்கும் அந்தியில ‘ஊம்’ணு மூளுயது? இதை ஏன் அங்க காட்டல்ல?”

காரணத்தைச் சொன்னேன். அவர் கேமராவை என்னிடம் தந்துவிட்டு, வாசலில் நின்று பாறையின் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேடினார்.

“இஞ்சருந்து பாத்தா ஒண்ணும் தெரியல்ல.”

“தெரியாது அக்கா. அதுக்கு அந்தப் பெரிய லென்ஸ் வேணும்.”

“அப்ப அது அந்தக் கல்யாணப் படக்காரன்கிட்டயே இருக்கட்டு,” என்று சொல்லிவிட்டு, தேங்காய் திருவ உட்கார்ந்தார்.