சுபாஸ்ரீ கை வைக்காத பக்கம்

போடியில் ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து விற்கும் கம்பெனி ஒன்றில் நான் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு எதிர் மேசையில் சில வருடங்களாக பில் போட்டுக்கொண்டிருந்தவள் சுபாஸ்ரீ. தேவாரத்துப் பெண். இன்று அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மதியம் சாப்பிட்டதும் நாங்களெல்லாம் போனில் சீரியல் பார்ப்போம். அவள் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், காலணா கிடைக்காது. லோயர் கேம்ப் மின்நிலையம், உத்தமபாளையத்து வாய்க்கால், தேவாரத்துக் கண்மாய் என்று இந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஏற்றிவிட்டாள். "இதுக்கு ஒரு டீயாச்சும் வாங்கித் தருவாகளாடி?" என்று கேட்பேன். சிரித்துக்கொள்வாள்.

எங்கள் கம்பெனிக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அதில் மட்டும் அவள் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. சம்பளம் வாங்கும் இடத்தைப் பற்றி நாமே எழுதக் கூடாது, சொந்த லாபமோ சொந்தக் கோபமோ எழுத்தில் கலந்துவிடும் என்பது அங்கே விதியாம். அதற்கு நலமுரண் என்று பெயர் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. போடிமெட்டுச் சாலையில் கம்பெனி ஜீப் கவிழ்ந்து, தோட்ட வேலைக்குப் போன மூன்று பெண்கள் இறந்தார்கள் என்று யாரோ ஒரு கோயம்புத்தூர்க்காரர் செய்தித்தாளை ஆதாரம் காட்டி எழுதியது. அந்த மூவரில் ஒருத்தி சுப்புத்தாய், சுபாஸ்ரீயின் அம்மா. மூச்சு விட இடமில்லாமல் ஆட்களைத் திணித்துக்கொண்டு போன ஜீப் அது. அந்தச் சாவுக்கு ஈடாகத்தான் முதலாளி சுபாஸ்ரீக்கு இந்த பில் போடும் வேலையைத் தந்தார்.

இந்த வருடம் முதலாளி தன் பெண்ணுக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் பேசினார். மாப்பிள்ளை வீட்டார் கம்பெனிப் பெயரைப் போனில் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். கண்ணில் பட்டது அந்த வரி. மறுநாளே மேனேஜர் தங்கபாண்டி சுபாஸ்ரீயின் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, நீதான் அதுல பெரிய ஆளாம்ல. அந்த ஜீப்பு வரிய எடுத்துரு. முதலாளி சொல்லிட்டாக."

"நம்ம கம்பெனிப் பக்கத்துல நான் கை வைக்கக் கூடாது சார்."

"உனக்கு வேல போட்டுக் குடுத்தது யாரு? உங்காத்தா செத்தன்னைக்கு வீடு தேடி வந்தது யாரு? அந்த நன்றி வேணாமா?"

பெற்றவளைப் பறிகொடுத்தவளிடம் நன்றி கேட்கிறான் மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த கால்குலேட்டர் அவர் மண்டையில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, நான் மாதச் சம்பளக்காரி. சுபாஸ்ரீ எழுந்து நின்று "முடியாது சார்" என்றாள். பிறகு உட்கார்ந்து அடுத்த பில்லைப் போட்டாள்.

அன்று சாயங்காலமே தங்கபாண்டி தன் அறையில் இருந்தபடி, பெயர் சொல்லாமல் அந்த வரியை அழித்துவிட்டார். அழித்த இடத்தில், 'தொழிலாளர்களைப் பெற்ற பிள்ளைகளாகப் பேணும் நிறுவனம்' என்று வேறு எழுதி வைத்தார். படித்ததும் சுபாஸ்ரீயின் மேசைக்குப் போனேன்.

"நீ திரும்பப் போட்டுருடி. ஒரு நிமிசம் ஆகுமா?"

"போடக் கூடாதுக்கா. சம்பளமும் இங்கன வாங்குறேன், செத்ததும் எங்கம்மா. ரெண்டு பக்கமும் எனக்கு ஒட்டு இருக்கு."

விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று கத்திவிட்டேன். அப்போது முதலாளியைவிட அவள்மேல்தான் எனக்குக் கோபம்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் இருக்கிறது. முறையீடு இருந்தால் அங்கே சொல்லலாம். தன் பெயரைப் போட்டு அதில் எழுதினாள்: 'நான் இந்த நிறுவனத்தின் ஊழியர். விபத்தில் இறந்த சுப்புத்தாயின் மகள். இந்த இரண்டு காரணங்களாலும் நான் இந்தப் பக்கத்தைத் திருத்த மாட்டேன். ஆதாரத்தோடு இருந்த ஒரு வரி நேற்று நீக்கப்பட்டுள்ளது. அதை நீக்கும்படி முதலில் என்னிடம்தான் சொன்னார்கள். தொடர்பில்லாத ஒருவர் பார்த்து முடிவு செய்யுங்கள்.'

பார்த்தார்கள். அவள் முகத்தைக்கூடக் கண்டிராதவர்கள் அந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெற்ற பிள்ளைப் புளுகு போனது. ஒருவர் பழைய செய்தியைத் தோண்டி, ஜீப்பில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதையும் சேர்த்துவிட்டார்.

தங்கபாண்டி முகம் சிவக்க வந்தார். "கம்பெனி ஆளு கம்பெனியப் பத்தி எழுதக் கூடாதுன்னு நீதான சட்டம் பேசுன? இப்ப எழுதிருக்க?"

"நான் யாருன்னு சொல்லிட்டுக் கேட்டேன் சார். நீங்க யாருன்னு சொல்லாம அழிச்சீக."

தங்கபாண்டி அவள் மேசையிலிருந்த பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு நடந்தேன். எனக்கு ஆறவே இல்லை. "இனி உனக்கு அங்கன சம்பளம் இல்ல, தடையும் இல்ல. அந்தப் பக்கத்துல முதலாளி பேரு எத்தன எடத்துல இருக்கு. உங்கம்மா பேரு எங்கனயாச்சும் இருக்கா? மூணு பொம்பளைகன்னுதான் கெடக்கு. இன்னைக்கே போயி எழுது."

தேவாரம் பஸ் வந்து நின்றது.

"வேலைய விட்டுத்தான்க்கா என்னத் தூக்க முடிஞ்சது. மகளுங்கறதுல இருந்து யாரு தூக்குறது?" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

சுப்புத்தாய் என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது. நானும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.