கறுப்பு டேப்

என் மடிக்கணினியின் மேல் விளிம்பில், காமிரா இருக்கும் இடத்தில், விரல் நக அளவுக்குப் பிசுக்கு ஒட்டியிருக்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் போகாது. ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப் விட்டுப்போன பிசுக்கு அது. ஒட்டியவர் என் மாமனார்.

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் எங்கள் வீடு. மாமனார் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் டெஸ்டரும் டேப்பும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. கிரைண்டர் பிளக், குடைக் காம்பு, ரிமோட்டின் பின்மூடி என்று கையில் அகப்பட்டதற்கெல்லாம் டேப் சுற்றிவிடுவார். நானோ இரண்டு வருடமாகப் படுக்கையறைக் கட்டிலில், தலையணை மேல் கணினியை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் குக்கர் விசிலையும் எண்ண வேண்டும், கேஸ்காரருக்குக் கதவையும் திறக்க வேண்டும். 'ஊட்லதானே கீற' என்ற ஒரே பேச்சில் என் உத்தியோகம் காணாமல் போய்விடும். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது.

அப்போதுதான் கொரோனாவில் மூடிய அலுவலகத்தைத் திரும்பத் திறந்தார்கள். எங்கள் குழுவுக்குப் பத்தே இருக்கைகள். திங்கட்கிழமை ஆன்லைன் கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போது 'வருகிறேன்' என்று சொன்னால் போதும். நான் இரண்டு சுடிதார்களை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கியே வைத்துவிட்டேன்.

மேலாளர் என் பெயரைச் சொன்னார். "வரேன் சார்" என்றேன். "இருக்கீங்களா?" என்றார். மறுபடி சொன்னேன். "லைன்லதான் இருக்காங்க, பேச மாட்டேங்கிறாங்க" என்றது இன்னொரு குரல். மியூட் எடுத்துத்தான் இருந்தது. செட்டிங்ஸுக்குள் போய் மைக் அனுமதியை நிறுத்தித் திரும்பக் கொடுத்தேன். ஒலியளவைக் கடைசி வரை ஏற்றினேன். பேசினால் துள்ள வேண்டிய பச்சைக் கோடு லேசாக நெளிந்து அடங்கிவிட்டது. சாட்டில் தட்டினேன், திரையில் பட்டியலைக் காட்டிக்கொண்டிருந்த மேலாளர் அதைப் பார்க்கவில்லை. "சரி, அவங்களுக்கு வீடுதான் வசதி போல. அடுத்தது யாரு?" என்றார். அவர்கள் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது. நான் கத்தியது சமையலறை வரை கேட்டிருக்கும், அவர்களுக்குக் கேட்கவில்லை.

சத்தம் கேட்டு மாமனார் ஓடிவந்தார். "இன்னாம்மா, மைக்கு பேசலியா?" என்று கணினியைப் பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது.

"காலைல நீ குளிக்கப் போனப்போ நாந்தாம்மா ஒட்னேன். பொம்பளப் புள்ள பொழங்குற ரூம்ல அந்தக் காமிரா எந்நேரமும் மொறச்சினு கீது. பக்கத்துல ஒரு ஊசி ஓட்டை இருந்துச்சு, அதுவும் காமிராதான்னு சேத்து மூடிட்டேன்."

அந்த ஊசி ஓட்டைதான் மைக். எங்கள் குழுவில் யாரும் காமிராவைப் போடுவதில்லை, அதனால் நான் மேல் விளிம்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கறுப்புச் சட்டத்தில் கறுப்பு டேப் கண்ணுக்கும் தெரியவில்லை. உரித்துப் போட்டுவிட்டு மேலாளரைக் கூப்பிட்டபோது பத்தும் நிரம்பிவிட்டது என்றார்.

மூன்று நாள் மாமனாரிடம் பேசவில்லை. நான்காம் நாள் அவர் பூந்தமல்லி போய் மைக் வைத்த ஹெட்செட் ஒன்றை வாங்கிவந்து, கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். புது ஹெட்செட்தான், ஆனாலும் பிளக்குக்குப் பக்கத்தில் டேப் சுற்றியிருந்தது. அது இரண்டு மாதம் உழைத்தது.

இப்போது அவர் ஹாலில் கட்டிலோடு கிடக்கிறார். போன வருடம் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. காது நன்றாகக் கேட்கும். அலுவலகத்தில் மறுபடி இருக்கைகள் வந்திருக்கின்றன. போன ஞாயிறு என் கணவரும் அவர் தம்பியும் மாமனாரின் தலைமாட்டில் நின்றே பேசினார்கள். "அப்பாவ உன் ஊட்டுக்கு இட்டுகினு போ, இவ ஆபீசுக்குப் போவட்டும்" என்றார் கணவர். "சரி, அவருக்கு இன்னா தெரியப்போவுது" என்றார் தம்பி. மாமனாரின் வாய் திறந்து திறந்து மூடியது. அந்த முகம் எனக்குத் தெரியும், அன்று கட்டிலில் உட்கார்ந்து நான் வைத்துக்கொண்டிருந்த முகம். நான் சும்மா இருந்திருந்தால் அடுத்த வாரமே பஸ் ஏறியிருக்கலாம்.

"மாமாவையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

கேட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டி, நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததை வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் கூட்டத்தில் என் பெயர் வந்தது. பிசுக்குக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊசி ஓட்டையைப் பார்த்தபடி, "நான் வரல சார்" என்றேன்.

"ஓகே, நல்லா கேக்குது" என்றார் மேலாளர்.