ஷேக் பரீதின் கொக்குகள்

தோல் கிடங்கில் ஷேக் பரீதின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் ஒரு தடவை விரித்தால் போதும். உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம், வேலிமுள் கீறல் என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டிவிடுவார். தாராவியில் இருபது வருஷமாகத் தோல் தரம் பிரித்த கண். அதே கண்ணை ஒரு கேமராவுக்குப் பின்னால் வைத்தால் எதிரே நிற்பது எருமையா பூனையா என்று தெரியாமல் போய்விடும் என்பது 1963 வரை யாருக்கும் தெரியாது. அவருக்கு அதன் பிறகும் தெரியவில்லை.

கேமராவைக் கொடுத்தவர் செம்பூரில் இருந்த ஒரு செருப்புக் கம்பெனி மேனேஜர். கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போகிறபோது, கூடக் கொண்டுபோக மனமில்லாத சாமான்களைத் தெரிந்தவர்களுக்குப் பங்கு வைத்தார். ஷேக் பரீதின் பங்குக்கு வந்தது ஒரு பெட்டிக் கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். எட்டடியில் நிற்பது நன்றாக விழும், எட்டத்தில் இருப்பது எறும்பாகிவிடும். மேனேஜருக்கு அலமாரி காலியானது. அவர் மனைவி மதீனா பீவிக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள்.

அந்த வருஷமே அவர் மாட்டுங்காவில் இருந்த ஒளிப்பட ரசிகர் சங்கத்தைக் கண்டுபிடித்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் காரியதரிசி பரமேச்வரன் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம். ஒருவர் பால்கனி ரோஜாவைப் படமெடுத்து வருவார். மற்றவர்கள் அதைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, "டெப்த் இருக்கு" என்பார்கள். பிறகு காப்பி வரும். "இல்லத்தைச் சுற்றி இயற்கையும் அன்றாட வாழ்வும்" என்பது அவர்களுடைய நிரந்தரத் தலைப்பு. இல்லத்தைச் சுற்றி இருந்தது ரோஜா மட்டும்தான் என்பதால் இரண்டு வருஷமாக ரோஜாவுக்கு ஓய்வில்லை.

ஷேக் பரீத் தாராவிக்காரர் என்று தெரிந்ததும் பரமேச்வரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க கொடுத்துவைச்சவர் ஓய். வாழ்க்கை உங்களைச் சுத்திக் கொட்டிக் கிடக்கு. நாங்க பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கு" என்றார்.

அப்படிச் சொன்னவர் 1964-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே பஸ் ஏறி, இன்னும் மூன்று உறுப்பினர்களுடன் தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்துக்கு வந்தார். நாலு பேர் கழுத்திலும் கேமரா, நாலு பேர் மூக்கிலும் கைக்குட்டை. படம் பிடிக்க ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டு, சந்து முனையில் இட்லி சுட்டு விற்கிற பேராச்சி தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பரமேச்வரன் அவளைப் பார்த்தார். கேமராவை இறக்கினார்.

"அம்மா, நீங்க தினம் கட்டிக்கிற புடவையே போறும். அடுப்பு பக்கத்திலே உட்காருங்கோ. முகத்திலே கொஞ்சம் வருத்தம் இருந்தா நன்னாருக்கும்."

"வருத்தமா? எதுக்கு? எங்க வீட்ல யாரும் சாவலியே."

"அப்படியில்லே. பொதுவா வாழ்க்கையிலே இருக்கிற வருத்தம்."

"ஒங்க வீட்டம்மாவயும் இப்பிடித்தான் அழச் சொல்லிப் படம் பிடிக்கியளா?" என்று பேராச்சி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்றைக்குச் சங்கம் ஒரு சாக்கடையையும், தூங்குகிற ஒரு நாயையும், சுவரில் காய்ந்த கோணிச் சாக்கையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிப் போனது. பேராச்சியை ஒருவரும் எடுக்கவில்லை.

ஷேக் பரீதுக்கு ஒரு பக்கம் பேராச்சி முகத்தில் விழிக்க வெட்கம், மறுபக்கம் சங்கத்தின் முகத்தில் விழிக்க வெட்கம். ஆளும் வேண்டாம், சந்தும் வேண்டாம், இனி எனக்கு இயற்கைதான் என்று முடிவு கட்டினார். எங்களுக்குக் கைக்கெட்டிய இயற்கை மாஹிம் கழிமுகம். ஊர்த் தண்ணீரெல்லாம் கறுத்துப்போய்க் கடலில் கலக்கிற இடம். அந்தக் கறுப்புச் சேற்றில் வெள்ளைவெளேர் என்று கொக்குகள் வந்து நிற்கும். அதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஞாயிறு தவறாமல் விடியற்காலை சுபுஹு தொழுததும் கேமராவும் தோள்பையுமாகக் கிளம்பிவிடுவார்.

கொக்கு இவருக்காக எட்டடியில் வந்து நிற்குமா? நூறடிக்கு அப்பால் நின்றது. படத்தில் ஆகாயம் விழுந்தது, சேறு விழுந்தது, பின்னால் இருந்த ரயில் பாலம் தூண் தூணாகத் தெளிவாக விழுந்தது. கொக்கு ஒரு புள்ளி. சில படங்களில் பிரிண்ட் போட்டபோது விழுந்த தூசும் அதே அளவில் இருக்கும்.

"கொக்கு எங்கே?" என்று சங்கத்தில் கேட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு படத்திலும் சிவப்பு மையால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டு போனார். "இப்போ அம்பு நன்னா தெரியறது" என்றார் பரமேச்வரன்.

மனுஷன் அசரவில்லை. கொக்கு வருகிற நேரத்தை முதலில் பிடிக்க வேண்டும் என்று ஒரு நோட்டுப் போட்டார். முதல் பக்கத்தில் சங்கத்தின் விலாசம். அப்புறமெல்லாம் இப்படி இருக்கும்: "காலை 6.50. தண்ணீர் வத்தம். மூன்று. தெற்கே பறந்தன." "7.10. ஒன்று தனியாக வந்து தாழ இறங்கியது."

1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. கண்ணாடி ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். பாலத்துக்கெல்லாம் காவல் போட்டார்கள். எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஷேக் பரீதும் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமைதானே.

அன்று கொக்கு நாற்பதடி வரைக்கும் வந்ததாம். இதை அவர் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வார். மூச்சைப் பிடித்துக் குனிந்திருந்தவரின் தோளில் ஒரு கை விழுந்தது. இரண்டு போலீஸ்காரர்கள்.

"என்ன எடுக்கிறாய்?"

"கொக்கு."

"எங்கே கொக்கு?"

"நீங்க வந்ததும் பறந்துட்டு."

எதிரே பாலம் மட்டும் நின்றது. பேரைக் கேட்டார்கள். ஷேக் பரீத் என்றார். அதுவரை தோளைப் பிடித்திருந்த கை, பேரைக் கேட்டபின் சட்டைக் காலரைப் பிடித்தது.

ஸ்டேஷனில் தோள்பையைக் கவிழ்த்தார்கள். ரயில் பாலம் பல கோணத்தில் விழுந்த இருபத்திரண்டு படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தூணைப் பார்த்துச் சிவப்பு அம்பு. கூடவே, யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு நோட்டு. இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் உத்தியோகத்தில் இப்படி ஒரு காலை அதுவரை விடிந்திருக்காது.

நோட்டை வாசிக்க ஆள் வேண்டுமே. முதல் பக்கத்து விலாசத்துக்கே ஜீப் போனது. பத்து மணிக்குப் பரமேச்வரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ஷேக் பரீதுக்கு உயிர் வந்தது. பெரிய மனுஷர், இங்கிலீஷ் தெரிந்தவர், ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

பரமேச்வரன் ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தார். மூன்று, தெற்கே பறந்தன. ஒன்று, தாழ இறங்கியது. மணி, நிமிஷம், எல்லாம்.

"பறந்தது எது என்று இருக்கிறதா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அது எங்கும் எழுதியிருக்கலை."

"சார், நோட்டு பூராவும் கொக்குதான. ஒவ்வொரு வரியிலயும் எதுக்கு எழுதணும்?" என்றார் ஷேக் பரீத்.

"எழுதியிருக்கிறதுக்கு நான் அர்த்தம் சொல்லலாம். மனசிலே இருக்கிறதுக்குச் சொல்ல முடியாது" என்றார் பரமேச்வரன், இன்ஸ்பெக்டரைப் பார்த்து.

"இவர் உங்கள் சங்கத்து ஆளா?"

"வந்து போவார். மெம்பர் இல்லை. விண்ணப்பம் பரிசீலனையிலே இருக்கு."

அந்த விண்ணப்பம் இரண்டு வருஷமாகப் பரிசீலனையில் இருப்பது ஷேக் பரீதுக்கே அப்போதுதான் தெரியும். பரமேச்வரன் கையெழுத்துப் போட்டுவிட்டு, இவர் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனார்.

செய்தி எங்கள் சந்துக்கு வர மதியமாகிவிட்டது. ஜமாத்துப் பெரியவர்கள் யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மதீனா பீவி பிஸ்கட் டப்பா ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதில்தான் அவர் இரண்டு வருஷமாக எடுத்த வீட்டுப் படங்களெல்லாம் கிடந்தன. ஸ்டேஷனில் நடந்ததைக் கணவன் ஒரு மாதிரியும் மனைவி ஒரு மாதிரியும் சொல்வார்கள். நான் மனைவி சொன்னதைத்தான் நம்புகிறேன். அவர் பேசிய பம்பாய் ஹிந்தியைத் தமிழில் தருகிறேன்.

டப்பாவை மேஜையில் கொட்டிவிட்டு மதீனா பீவி சொன்னார்: "சாப், இதப் பாருங்க. இது என் தங்கச்சி நிக்காஹ். மாப்பிள்ளைக்கு எங்க தலை? இது நான் மீன் கழுவுதேன். மீனும் தெரியல, நானும் தெரியல. இது பெருநாள் அன்னைக்கி எங்க வீட்டு ஆளுவ அம்புட்டு பேரும். நடுவுல கறுப்பா தெரியுதே, அது இவரு விரலு. இந்த மனுசனுக்கு எந்த நாட்டுக்காரன் சம்பளம் குடுப்பான்?"

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மீசை அசைந்தது.

காலையிலிருந்து தலைகுனிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷேக் பரீத் எழுந்துவிட்டார். போலீஸ் ஜாசூஸ், உளவாளி என்று சொன்னதற்குக்கூட அவருக்கு இவ்வளவு ரோஷம் வரவில்லை.

"மீன் படத்துல வெளிச்சம் எப்பிடி விழுந்திருக்குன்னு பாருங்க சாப். அவ ஆடாம இருந்திருந்தா நல்லா வந்திருக்கும்."

"மீன் கழுவுறவ எப்பிடி ஆடாம இருப்பா?"

"ஒரு நிமிசம் இருந்தா என்ன?"

"அந்தத் தலை இல்லாத மாப்பிள்ளையும் ஆடிட்டாராக்கும்?"

"அவரு ஒசரம். அதுக்கு நான் என்ன செய்ய?"

இரண்டு பேரும் ஸ்டேஷன் நடுவில் நின்று படம் படமாகச் சண்டை போட்டார்கள். கான்ஸ்டபிள்கள் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருவர் தலையில்லாத மாப்பிள்ளை பக்கம் பேசினார். கடைசியில் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார்.

"ஜாசூஸாக இருந்தால், தனக்குப் படமெடுக்கத் தெரியாது என்று இந்நேரம் ஒத்துக்கொண்டிருப்பான். இவனைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்.

சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கேமராவை மட்டும் பாகிஸ்தான் சண்டை முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். வழி நெடுக ஷேக் பரீத் மனைவியோடு பேசவில்லை என்று கேள்வி. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவளோடு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

சங்கத்திலிருந்து ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவும், சந்தர்ப்ப சூழ்நிலையால் தாமதமானதாகவும் எழுதியிருந்தது. ஷேக் பரீத் அதை மடித்து, ஆடுகிற அலமாரிக் காலுக்கு அடியில் வைத்தார்.

கழிமுகத்துக்குப் போவதையும் விட்டார். தோல் கிடங்கு முற்றத்தில் பச்சைத்தோலைக் காயப்போட்டால் ஒட்டியிருக்கும் சதைக்காகக் காக்கைகள் வரும். ஆளுக்குப் பயப்படாது, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ஒருநாள் அதில் ஒன்றை எடுத்தார். படத்தில் காக்கை காக்கையாகவே விழுந்தது, அலகில் தொங்கிய சதைத்துண்டோடு. ஒரு கண் நம்மை நேராகப் பார்த்தது. சந்தே வந்து பார்த்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று மதீனா பீவியும் சொன்னார். ஷேக் பரீதுக்குச் சந்தோஷமில்லை. "எல்லாம் சரி, ஆனா வெள்ளை இல்லியே" என்றார்.

1969-இல் மகள் அக்தர் பானு கல்யாணமாகித் தேவ்நாருக்குப் போனாள். பெற்றவர்களும் அவள் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்துச் சேற்று வெளியில் பறவை அதிகம் என்று யாரோ சொன்னபோதுதான் ஷேக் பரீத் அந்த வீட்டுக்குச் சம்மதித்தார் என்று எனக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார். போன முதல் ஞாயிற்றுக்கிழமை, சாமான் மூட்டையைப் பிரிக்கிற நேரத்தில், ஆளைக் காணவில்லையாம்.