புல்லுக்கு அரைத்த மசாலா

ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் கூடத்தில் வழுக்கி விழுந்து, முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தாள் என் மனைவி. நடக்க வேண்டும், நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுக்கோ அந்தத் தரையைப் பார்த்தாலே நடுக்கம். பளபளப்பில் மயங்கி அந்தக் கல்லை வாங்கியவன் நான். அதனால் அவள் பயமில்லாமல் நடக்க வாசலில் புல்தரை போடும் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது.

காரைக்குடி வெயிலில் புல் வளர்ப்பது பெரும்பாடு. வளர்த்தேன். ஒரே மாதத்தில் அங்கங்கே வட்டமாகக் காய ஆரம்பித்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒளிந்திருக்கும் புழு மேலே வந்துவிடும் என்று கைபேசியில் ஒருவர் செய்து காட்டினார். நானும் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, வித்தை காட்டுகிறவன் போல ஒரு வாளி ஊற்றினேன். வந்தன. பச்சையும் பழுப்புமாக நெளிந்துகொண்டு, முதல் பந்திக்கு இடம் பிடிக்க வருகிறவர்கள் மாதிரி வந்துகொண்டே இருந்தன.

“ஏங்க, இதுலயா என்னைய வெறுங்காலோட நடக்கச் சொல்றீக?” என்றாள். கடைசிப் புழு போகும்வரை கால் வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். சும்மா கிடந்த புழுவைக் கூப்பிட்டுக் காட்டிய என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

கடை மருந்து வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவள் பாதம் படும் இடம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அரைத்து ஊறவைத்து, வடிகட்டித் தெளித்தால் போதும் என்றார்கள். அரைத்து ஒரு குண்டானில் மூடி அடுப்படியில் வைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். மனைவிக்கு ஒத்தாசையாக என் அக்கா வந்து தங்கியிருந்தாள். அடுப்படி அவள் ராஜ்ஜியம்.

காலையில் குண்டானைத் திறந்தால் கரைசலின் நிறமே மாறியிருந்தது. சோம்பு, பட்டை, கல்பாசி வறுத்து அரைத்து, சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்து, ஒரு கொதியும் விட்டிருந்தாள்.

“அக்கா, இது புழுவுக்கு!”

“தெரியும்டா தம்பி. புழுவுக்குன்னா பச்சை வாடையோடயா குடுக்குறது? புல்லு கருகிரும்னு உப்பு மட்டும் போடலை.”

எரிச்சலோடு அதையே வடிகட்டி, ஆறவைத்து, பூவாளியில் ஊற்றித் தெளித்தேன். வெயில் ஏறியதும் புல்தரையிலிருந்து கோழிக் குழம்பு வாசம் கிளம்பியது. இரண்டு பூனைகள் வந்து உட்கார்ந்தன.

பூனையோடு போயிருந்தால் பரவாயில்லை. குன்றக்குடி மலைப்படி ஏறி முருகனைக் கும்பிடும்வரை வீட்டில் கவிச்சி சேர்ப்பதில்லை என்று மனைவி வேண்டியிருந்தாள். மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது. அதைத் தெரு முழுக்கச் சொல்லியும் இருந்தாள். எதிர்வீட்டுப் பெண் எங்கள் வாசல் கேட் அருகே வந்து மூக்கை உறிஞ்சினாள்.

“என்னண்ணே, மதினி வேண்டுதல் முடிஞ்சிருச்சா? கோழி வாசம் தூக்குது!”

“கோழி இல்லம்மா, புல்லு.”

“நல்லாச் சாப்பிடுங்கண்ணே. நான் முருகன்கிட்டச் சொல்ல மாட்டேன்” என்று சிரித்தாள்.

உள்ளே கட்டிலில் இருந்த மனைவிக்கு இது கேட்டுவிட்டது. “எவ வீட்டுல கவிச்சி?” என்று ஒரு குரல். கட்டிலோரம் நடக்க வைத்திருந்த வாக்கரை எடுக்கவில்லை. சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, வாசலுக்கு வந்து, பிடிக்க எதுவும் இல்லாத புல்தரையிலும் இறங்கி நடுவில் வந்து நின்றாள். “புல்லைப் பிடுங்கி அவகிட்டக் குடுங்க” என்று என்னிடம் அதட்டினாள். “ஏத்தா, இங்குட்டு வந்து மோந்து பாத்துட்டுப் பேசு.”

எதிர்வீட்டுப் பெண் முகர்ந்து பார்த்தாள். “ஆமா மதினி, புல்லுதான்” என்றாள். “கல்பாசி கொஞ்சம் தூக்கல்.”

அவள் போன பிறகுதான் மனைவி குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

“புழு இருக்கா? பாத்துச் சொல்லுங்க.”

அவள் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒன்று, கொழுகொழுவென்று, அக்காவின் மசாலாவில் குளித்த தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. கையைப் பிடிக்கப் போகிறவன் போல அருகே போய், என் வெறுங்காலை அதன்மேல் வைத்தேன்.

“ஒண்ணுகூட இல்ல” என்றேன். “நட.”