வெண்ணிலாவின் பூண்டில்லாச் சமையல்

பள்ளிபாளையம் சிக்கன் என்றால் வெண்ணிலாவின் கைதான் என்று சொந்தபந்தத்தில் பேர். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் மாதேஸ்வரனுக்கு வாக்கப்பட்டு வந்த இருபத்திரண்டு வருஷத்தில், வெங்காயமும் பூண்டும் இல்லாமல் அவள் அடுப்பு மூட்டியதே கிடையாது.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரும் ஓடவில்லை. அதைப் பழுது பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று நாளைக் கடத்தியது மாதேஸ்வரன்தான். விசிறி நின்ற ஷெட்டுக்குள் நாலாயிரம் கோழிகள் வெக்கையில் வாயைப் பிளந்து செத்தன. குழி வெட்டி எல்லாவற்றையும் தன் கையால் புதைத்தார். அன்றோடு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டல். மூன்று டாக்டர்கள் பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாத அந்த உடம்புதான் மூன்று மாதத்தில் பதினாறு கிலோ இளைத்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? "கோழிக்குப் போயி எளவு காக்கறானாக்கும்" என்றது. வெண்ணிலாவுக்குத் தாலி பயம் வந்துவிட்டது.

தாளிப்பு வாசனையில்லாத சமையல் பழகலாமென்று யாரோ சொல்ல, அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு புத்த தியான இல்லத்தின் சமையற்கட்டில் பத்து நாள் போய் நின்றாள். அங்கே சமைக்கும் மைதிலி வெங்காயம், பூண்டை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். இஞ்சி, மிளகு, கீரை, அவ்வளவுதான். சாப்பிடுமுன் எல்லோரும் தட்டைப் பார்த்தபடி சற்று உட்காருவார்கள். இந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது, எத்தனை உயிர்களின் பாடு இது என்று நினைக்க வேண்டுமாம்.

"எங்கூட்டுக்காரருக்கு அதை நெனைக்கறதுதானுங்க நோவே," என்றாள் வெண்ணிலா.

"இத்தன நாளா நெனைக்காதீங்கன்னு சொல்லித்தானே சோறு போட்டீங்க. எறங்குச்சா?" என்றாள் மைதிலி.

வீடு திரும்பியவள் பண்ணையின் தீவன அறையைத் திறந்தாள். கோழிகளுக்கென்று சொந்தக் காட்டில் விளைவித்த மக்காச்சோளம் மூட்டை மூட்டையாய் அப்படியே இருந்தது. ஒரு படி எடுத்துப் புடைத்து, உடைத்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கூழ் காய்ச்சினாள். தாளிக்கவில்லை. வட்டிலில் ஊற்றி அவர் முன் வைத்தாள்.

மாதேஸ்வரன் வட்டிலையே வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்புள்ள, இது அதுகளுக்கு வெச்சிருந்ததுதான?"

இல்லை என்று சொல்லிவிட வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"ஆமாங்க. அதுக பங்குதானுங்க."

அவர் அழுதார். இந்த மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. வெண்ணிலா தேற்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூழ் ஆறி ஆடை படிந்தது.

"நாந்தான் கொன்னுபோட்டேன் புள்ள."

"ஆமாங்க," என்றாள் வெண்ணிலா. "சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார்.